மூணுக்கு முன்னாடி நாலு

வீட்டுக்காரரா? நானா? இல்ல கண்ணு, இல்ல. நோரீன் காதுல விழுந்தா அடிக்க வருவா. நாங்க ஒரே பக்கத்து ஆளுங்க, அவ்ளோதான். அவ வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ரெண்டே சந்து. வியாழக்கிழமை தவறாம வர்றேனா, அதனால இந்த முதியோர் இல்லத்துல எல்லாருமே அப்படித்தான் நெனச்சுக்கறாங்க. நீ புதுசு, இல்ல? ரெண்டு வாரமா? அதான் உன்ன பாத்த ஞாபகம் இல்ல. சட்டையில பேரு குத்தியிருக்க, இரு, கண்ணாடிய போட்டுக்கறேன்... கெய்லி. சரி கெய்லி, நாற்காலியெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், இப்படி அஞ்சு நிமிஷம் உக்காரு. படம் மூணு மணிக்குத்தான? இப்ப ஒண்ணரைதான் ஆகுது. உள்ள அவளுக்கு முடி சுருட்டி விடறாங்க, அந்த வேல இப்போதைக்கு முடியாது.

உங்கிட்ட ஒரு உதவி கேக்கணும். இன்னிக்கு நோரீன இந்த ஹாலுக்குக் கூட்டிட்டு வராத. ரூம்லயே வெச்சுக்கோ. உடம்பு சரியில்லன்னு ஏதாவது சொல்லிடு.

தெரியும் கண்ணு, அவ எடுத்த படம்தான். அவளுக்காகத்தான் போடறாங்க. போட்டோ எடுக்க பத்திரிகைலேருந்து வர்றாங்க, கேக் வந்திருக்கு, எல்லாம் தெரியும். ஏற்பாடு பண்ணதே நான்தான. உங்க மேனேஜரம்மா வந்து, மிஸ்டர் ஸ்டாதர்ஸ், பழைய படத்த புதுசு பண்ணி டிஸ்க்கா வந்திருக்காமே, இங்கயே ஒரு தடவ போட்டுக் காட்டலாமான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன். மாட்டேன்னு சொல்ல வாய் வரல. எனக்கு எப்பவுமே அது வராது.

ஏன் பாக்கக் கூடாதுன்னா, ம்ம்... இந்த ஹால்ல இன்னிக்கு யாரு யாரு உக்காருவாங்கன்னு யோசிச்சுப் பாரு. பெரும்பாலும் ஹெசில் ரோட்டுப் பொம்பளைங்க. எல்லாம் கப்பல்காரங்க பொண்டாட்டிங்க. நீ ஊரு எது, ஹல்தானா? லீட்ஸா! அப்ப உனக்கு முதல்லேருந்து சொல்லணும். இந்த டீய எடுத்துக்கோ, எனக்கு வேணாம்.

எங்க பக்கத்துல, புருஷன் கப்பல் ஏறுற அன்னிக்கு பொம்பளை துணி துவைக்க மாட்டா. கைக்குட்டையக்கூட நனைக்க மாட்டா. துவைச்சா ஆளையும் சேத்துக் கழுவி விட்டுடுவான்னு அர்த்தம். வாசல்ல நின்னு கைய ஆட்டி வழியனுப்பறதும் கெடையாது. அலை இழுத்துக்கும்பாங்க. நீ சிரிக்கற. சிரி, பரவால்ல. எங்கம்மா மீன் புகை போடற எடத்துல நாப்பது வருஷம் வேல பாத்தவ, பேய் பிசாசு எதையும் நம்ப மாட்டா. அவளே எங்க மாமா கப்பல் ஏறுற அன்னிக்கு அழுக்குத் துணிய கட்டில் அடியில தள்ளி வெச்சிருவா.

நான் என்ன வேல பாத்தேனா? படம் பாத்தேன். நெஜமாத்தான். படத்த பாத்துட்டு நல்லாருக்கு நல்லால்லன்னு எழுதறது, அதுக்கு சம்பளம். எங்கப்பா துறைமுகத்துல மீன் இறக்கற கூலி. ராத்திரி ரெண்டு மணிக்குப் போய் பனிக்கட்டியோட கூடை கூடையா இறக்கணும். எங்க வீட்ல முதல் முதல்ல காலேஜ் போனது நான்தான். அப்பாவுக்கு என் வேலைய யாருகிட்ட சொல்றதுக்கும் கூச்சம். பையன் பத்திரிகைல இருக்கான்னு மட்டும் சொல்வாரு. என்ன எழுதறான்னு கேட்டா, காது கேக்காத மாதிரி போயிடுவாரு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில, ஏண்டா, நாற்காலியில சாஞ்சு உக்காந்துட்டு மத்தவன் வேலையில குத்தம் சொல்றியே, உனக்கே சிரிப்பா இல்லன்னு கேட்டாரு. கோபமா கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு.

எழுபத்தஞ்சாம் வருஷம் அந்த சாயங்காலப் பேப்பர்ல சேந்தேன். வயசு இருவத்தேழு. மூணு மாசம் பாப்போம், சரியா வந்தா வெச்சுக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. அந்த மூணாவது மாசத்துலதான் நோரீன் படம் வந்துச்சு.

அது அவங்கம்மா கதை, கண்ணு. எட்னா. அவங்கப்பா கப்பல்காரரு. மூணு வாரம் கடல், மூணு நாள் கரை. அந்த மூணு நாளும் ஆகாச நீலத்துல சூட்டு, வாசல்லயே டாக்ஸி, பாக்கறவனுக்கெல்லாம் பீர் வாங்கித் தருவாரு. தெருவே கொண்டாடும். வீட்டுக்குள்ள எட்னாவ போட்டு அடிப்பாரு. சுவரெல்லாம் மெல்லிசு, ரெண்டு பக்கமும் கேக்கும். யாரும் கேட்ட மாதிரி காட்டிக்க மாட்டாங்க. நோரீனுக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப கப்பல் ஐஸ்லாந்து பக்கம் முழுகிடுச்சு. கருப்புக் கோட்டு போட்ட பாதிரியார் வந்து கதவத் தட்டினாரு. அந்தக் கோட்டு தெருவுல நுழைஞ்சாலே பொம்பளைங்கல்லாம் தன் வீட்டத் தாண்டிப் போகணுமேன்னு மூச்சப் புடிச்சுட்டு நிப்பாங்க. எட்னா வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. அதுக்கு நாலு நாள் கழிச்சு, அவரு துணி அத்தனையும் துவைச்சு கொல்லையில காயப் போட்டாங்க எட்னா. விக்கறதுக்கு. நல்ல காத்து. ஈரச் சட்டையோட கை பறந்து வந்து பளார்னு அவங்க கன்னத்துல அடிச்சுது. பழக்கத்துல சட்டுனு மூஞ்சிய மூடிக்கிட்டாங்களாம். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாங்களாம். வெறும் ஈரச் சட்டைதான! உள்ள ஆள் இல்லையே! நோரீன் சமையக்கட்டு சன்னல் வழியா பாத்திருக்கா. அம்மா அப்படி சிரிச்சு அதுவரைக்கும் அவ பாத்ததே இல்லையாம். அந்த சிரிப்புக்காகத்தான் படமே எடுத்தா.

இதெல்லாம் அவ அப்புறமா சொன்னது. படம் பாக்கப் போனப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது.

விமர்சனம் எழுதற எங்களுக்கு காலையில பத்தரைக்கு போட்டுக் காட்டுவாங்க. பெரிய தியேட்டர்ல மொத்தம் ஏழெட்டுப் பேரு. காப்பி, பிஸ்கட்டு. யார்க்லேருந்து ஒரு பெரியவர் வருவாரு, பேரு போட ஆரம்பிச்சதும் தூங்கிடுவாரு, அவரு விமர்சனம்தான் எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்வாங்க. அப்பல்லாம் படம் அஞ்சு டப்பால வரும். ஒரு டப்பா இருவது நிமிஷம். ஆபரேட்டர் வில்ஃப் டப்பா மேல என்ன நம்பர் எழுதியிருக்கோ அதப் பாத்து வரிசையா மாட்டுவாரு. அந்தத் தடவ பிரதி போடற லேப்ல எவனோ மூணாவது ரீல நாலாவது டப்பாவுலயும், நாலாவத மூணாவதுலயும் போட்டு அனுப்பிட்டான்.

புரியுதா? ரெண்டாவது ரீல் முடியறப்ப புருஷன் விடியக்காலைல டாக்ஸி ஏறிப் போறான். அடுத்தது பாதிரியார் வந்து கதவத் தட்டணும். தட்டல. அடுத்தது அவ துணி துவைக்கறா. சட்டை கை வந்து அடிக்குது. சிரிக்கறா. அதுக்கப்புறம் பாதிரியார் வர்றாரு.

அதேதான் கண்ணு. அப்படி பாத்தா, அவன் கப்பல் ஏறுன அன்னிக்கே இவ துவைக்கறா.

நான் ஆடிப் போயிட்டேன். இந்த ஊர்ல பொறந்தவன்ல. துணிச்சல் பாருடா, கதைய இப்படித் திருப்பிப் போட்டிருக்காளேன்னு, ஓடிப் போய் ஒரே மூச்சுல எழுதினேன். கடலுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு ஒரு வரி. பன்னெண்டு மணிக்குள்ள குடுத்தாத்தான் மறுநாள் பேப்பர்ல வரும், பதினொன்னே முக்காலுக்கு... இல்ல, படம் பன்னெண்டேகாலுக்குத்தான் முடிஞ்சுது, ஒரு மணி வரைக்கும் டைம் குடுத்தாங்க. பாத்தியா, இதுகூட மறக்க ஆரம்பிச்சுட்டேன்.

ரெண்டு மணிக்கு வில்ஃப் ஆபீசுக்கு போன் பண்றாரு. தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு, பிலிம சுத்தி வைக்கறப்ப நுனியில இருக்கற நம்பர பாத்தேன், மூணும் நாலும் மாறியிருக்கு, நீ எழுதறதுக்குள்ள சொல்லிடலாம்னு போன் பண்ணேன்னாரு. பாவம், என்னை அவமானப்பட விடக் கூடாதுன்னு.

நான் நேரா ஆசிரியர் ரூமுக்குப் போயிருக்கணும். பத்தடி தூரம். கதவும் தொறந்துதான் இருந்துச்சு. என்னன்னு சொல்றது? படத்துக்கு தலை எது வாலு எதுன்னு தெரியாம புகழ்ந்து எழுதிட்டேன்னா? மூணாவது மாசம், கண்ணு. வேல போச்சுன்னா எங்கப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. மறுநாள் ராத்திரி என்னையும் எழுப்பி மீன் இறக்கக் கூட்டிட்டுப் போயிருப்பாரு, அவ்ளோதான். அடுத்த வாரம் ஒரு ஓரத்துல திருத்தம் போட்டுக்கலாம்னு நெனச்சேன்.

அடுத்த வாரம் லண்டன்ல பெரிய ஆளுங்க என் வரிய எடுத்து எழுதிட்டாங்க. படத்த வாங்கினவன் கெட்டிக்காரன். அப்படியே இருக்கட்டும், எல்லா பிரதியும் அதே வரிசையில போடுன்னு லேப்புக்கு சொல்லிட்டான். நோரீனுக்கு முதல் படம், எழுதிக் குடுத்த காகிதத்துல உரிமையெல்லாம் அவங்கிட்ட. அவ எங்க போவா? எங்கிட்டதான் வந்தா. ஆபீஸ் வாசல்ல மழையில நின்னுட்டு, டேய் க்ளைவ், எங்கம்மா சிரிச்சது அவரு செத்த அப்புறம்டா, அத மட்டும் ஒரு வரி எழுது, உன் கால்ல வேணா விழறேன்னா. எழுதறேன்னு சொன்னேன்.

எழுதல.

இல்ல, சண்டை போடல அவ. அதுக்கு அவளுக்கு நேரம் இல்ல. ஹெசில் ரோட்டுல படம் ஓட ஆரம்பிச்சுடுச்சு. லண்டன்காரன் பாத்துட்டு, ஆகா, முன்கூட்டியே உணர்ந்துட்டாங்கறான். நம்ம தெருப் பொம்பளைங்க பாத்துட்டு என்ன சொல்வாங்க? கப்பல் கெளம்பின அன்னிக்கே துவைச்சிருக்கா பாரு, கழுவி விட்டுட்டாடீ. அந்த ஒரு கப்பல்ல மட்டும் இருவது பேரு போனாங்க கண்ணு. இருவது வீடு. ரொட்டிக் கடையில எட்னா நுழைஞ்சா பேச்சு நின்னுபோகும். எங்கம்மாவே, அவ பக்கத்துல நிக்காதன்னு எங்கிட்ட சொன்னா. எங்கம்மாகிட்டயும் நான் வாயத் தொறக்கல.

அப்புறம் பேப்பர விட்டுட்டு ஆத்தோரத் தியேட்டருக்கு வந்துட்டேன். எந்தப் படம் போடறது, எந்த வாரம் போடறது, எல்லாம் என் முடிவு. இருவத்திரண்டு வருஷம். ரெண்டு மாசம் முன்னாடியே நிகழ்ச்சி அட்டை அச்சுக்குப் போயிடணும், பாதி படத்த பாக்காமலே, அற்புதம், தவறவிடாதீர்கள்னு எழுதி அனுப்புவோம். எல்லாரும் பண்றதுதான். அந்த வேலைய நல்லா பண்ணேன். அத சொல்லிக்கலாம்னு நெனக்கறேன்.

தொண்ணூத்தொண்ணுல மனசு கேக்கல. நோரீன கூப்பிட்டேன். அப்ப அவ ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு போட்டோ எடுக்கச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. அடுத்த படம் எடுக்கவே இல்ல. யாருகிட்ட போனாலும், அதே மாதிரி மர்மமா ஒண்ணு பண்ணுன்னு கேட்டாங்களாம். நம்ம தியேட்டர்ல உன் வரிசையில போடறேன் நோரீன், அம்மாவ கூட்டிட்டு வா, தெருவையே கூப்பிடறேன்னேன். நெஜமாவாடான்னு ரெண்டு தடவ கேட்டா.

எட்னா வந்தாங்க. தொப்பி வெச்சுட்டு, மூணாவது வரிசையில ஓரமா உக்காந்தாங்க. ஹெசில் ரோட்டுப் பொம்பளைங்க முப்பது பேரு இருப்பாங்க, எனக்காக வந்தவங்க. ஆனா பாரு, அந்த மாசம்தான் என் புஸ்தகம் வந்திருந்துச்சு. அதுல ஒரு முழு அத்தியாயம் அந்த வரிசையப் பத்தித்தான். புஸ்தகம் போட்டவரு சொல்லாம கொள்ளாம லண்டன்லேருந்து நாலு பேர கூட்டிட்டு வந்துட்டாரு. உங்க அத்தியாயத்த திரையில பாக்க வந்தோம்னாங்க. நான் ஆபரேட்டர் ரூமுக்குப் படி ஏறினேன். என்ன சார், மாத்திப் போடணும்னீங்களே, மாத்திடவான்னு கேட்டான் அந்த ஆளு. வேணாம், டப்பா மேல இருக்கற நம்பர்படியே போடுன்னேன்.

துணி துவைக்கற எடம் வந்ததும் எட்னா எந்திரிச்சாங்க. கோட்டத் தேடி எடுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க. நான் வாசல்லதான் நின்னுட்டு இருந்தேன். ரொம்ப நேரம் உக்கார முடியல தம்பி, முதுகு புடிச்சுக்குதுன்னாங்க. எனக்கு வருத்தமா இருக்கக் கூடாதேன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தாங்க. ரொட்டி வாங்க ரெண்டு பஸ் மாறி வேற பக்கம் போயிட்டு வருவாங்கன்னு நோரீன் சொன்னா.

அழாத. ஐயோ, நீ எதுக்கு... இந்தா, சுத்தமான கைக்குட்டைதான்.

அதுக்காகத்தான் கேக்கறேன். மூணு மணிக்கு இந்த ஹால்ல அத்தனை கிழவிங்க நடுவுல அவள முன்வரிசையில உக்கார வெப்பாங்க. அந்த சீன் வரும். யாராவது ஒருத்தி சத்தமாவே சொல்லுவா. காது கேக்காதவங்க மெதுவா பேச மாட்டாங்க. நோரீனுக்கு எல்லாம் புரியும், திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் அவள...

என்னது? ரிமோட்டுலயா?

இதுலயே மாத்திப் போடலாமா? ஓ, அஞ்சு பாகமா பிரிச்சே வெச்சிருக்காங்களா. நடுவுல ரெண்டையும் மாத்தி அமுக்கினா போதுமா... அவ்ளோதானா? இந்த ரெண்டு பட்டன்தானா?

இல்ல. இல்ல கண்ணு, வேணாம், கீழ வை. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. டிஸ்க் அட்டையிலயே அந்த வரி போட்டிருக்கு பாரு, கீழ என் பேரு. அதுவும் போக, நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. அவளே கையெழுத்து போட்டுக் குடுத்த வரிசை அது. ஆமா, நோரீன்தான். பழைய படங்கள காப்பாத்தி வைக்கற எடத்துலேருந்து ஃப்ரேயான்னு ஒரு பொண்ணு வந்துச்சு, போன வசந்தத்துல. நல்ல பொண்ணு, ரொம்ப கவனம். சார், அவங்க எழுதி வெச்ச கதைத் தாள் கெடச்சுது, அதுல பாதிரியார்தான் முதல்ல வர்றாரு, பிரதிகள்ல மாறியிருக்கு, எது சரின்னு அவங்க வாயால கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவோம், அவங்கள எனக்கு தெரியாது, நீங்களே கேளுங்கன்னுச்சு. இந்த சன்னலோரம்தான் உக்காந்திருந்தோம் மூணு பேரும். கேட்டேன். நோரீன், இத்தன வருஷமா வந்த மாதிரியே இருக்கட்டுமான்னு கேட்டேன். ஆமான்னா. ஃப்ரேயா எழுதிக்கிச்சு. நோரீன் இடது கையால கையெழுத்து போட்டா, பேனாவ நான் புடிச்சுக்கிட்டேன்.

ஆமா.

ஆமா கண்ணு, தெரியும். டீ வேணுமான்னா ஆமாம்பா, காப்பியான்னாலும் ஆமாம்பா. பக்கவாதம் வந்ததுலேருந்து அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு. உனக்கு ரெண்டு வாரத்துல தெரிஞ்சுது, எனக்கு முதல் நாளே தெரியும். நீயா இருந்தா பழைய மாதிரியா, கதைத் தாள் மாதிரியான்னு ரெண்டையும் கேட்டிருப்ப. ரெண்டுக்கும் ஆமான்னு சொல்லியிருப்பா, ஃப்ரேயாவுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும், அந்தக் கதைத் தாளப் பாத்து சரியா பண்ணியிருக்கும்.

அன்னிக்கு நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.